யாருடைய வானம்? – தொடக்கப் பள்ளிக்கு வானிலைப் பாடம் வந்த வழி

2000களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி எதற்குள் நுழைந்திருந்தாலும் சில பொருள்கள் நம் கண்ணில் பட்டிருக்கும். பிள்ளைகளின் உயரத்திற்கு இறக்கிக் கட்டிய கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிப் பந்தல், அதில் தொங்கும் ஓவியங்கள், பாட அட்டைகள் அடுக்கிய தட்டுகள். இவற்றோடு சுவரில் ஒரு காலநிலை அட்டவணை. பள்ளிக்கு வந்ததும் ஒரு பிள்ளை வெளியே பார்த்துவிட்டு வந்து அன்றைய நாளுக்குரிய இடத்தில் வெயில், மேகம், மழை என்று எதையேனும் ஒன்றைக் குறிக்கும். அரை நிமிட வேலை. பார்வையிட வந்தவர்கள் பெரும்பாலும் கரும்பலகையைப் பாராட்டினார்கள். அட்டவணையைக் கடந்து போனார்கள்.

நமக்கோ அந்த அரை நிமிடந்தான் வியப்பாக இருந்தது. வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வா என்று ஒரு பாடம் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறது. பிள்ளை பார்த்ததையே பாடமாக ஏற்றும் கொண்டிருக்கிறது. எளிய செயலாகத் தோன்றும் இது தமிழ்ப் பள்ளிக்கு எளிதில் வந்துசேரவில்லை. வானத்தைப் பற்றிய சொற்கள் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்தன. வானத்தை அளக்கும் கருவிகள் நம் ஊரிலேயே 200 ஆண்டுகளுக்கு மேலாக இருந்தன. வானத்தைப் பற்றிய பாடமும் நூறாண்டுக்கு மேலாக வகுப்பில் நடந்தது. மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காமலே காலம் கழிந்ததுதான் இதன் வரலாறு. அதை இங்கே சுருக்கமாகப் பார்க்க முயல்கிறோம்.

*

முதலில் சொற்கள்.

தமிழில் காற்றுக்குத் திசைவாரியாக நான்கு பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நம்மில் பலருக்கு இவை தேர்வுத்தாளின் ‘பொருத்துக’ பகுதியில்தான் அறிமுகமாயின. நான்கு மதிப்பெண்ணோடு மறந்தும் போயின. சற்று நின்று பார்த்தால் இந்த நான்கு சொற்களுக்குள் ஒரு முழு வானிலைப் பாடம் அடங்கியிருப்பது தெரியும்.

கொண்டல் என்பதற்குக் கீழ்காற்று என்று பொருள். மேகம் என்றும் பொருள். கோடை என்பதற்கு மேல்காற்று என்று பொருள். வேனிற்காலம் என்றும் பொருள். ஒரே சொல் காற்றையும் மேகத்தையும், அல்லது காற்றையும் வெப்பத்தையும் ஏன் சுட்ட வேண்டும்? தமிழகத்தின் கீழைச் சமவெளியில் நின்றால் விடை தானே கிடைக்கும். அங்கே பெருமழை கொண்டுவரும் மேகம் ஐப்பசியில் வங்கக் கடலின் மேலாகக் கிழக்கிலிருந்து வருகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றோ சுமந்துவந்த நீரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு, வறண்டு, மலையிறங்கும்போது மேலும் வெப்பமுற்று நம்மை அடைகிறது. மழைமறைவுப் பகுதி என்று ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படம் வரைந்து விளக்கும் செய்தியைக் ‘கோடை’ என்ற சொல் விளக்கமில்லாமலே சொல்லி முடித்திருக்கிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் கடலோர மக்கள் வாடை, கொண்டல் ஆகியவற்றோடு சோழகம், கச்சான் என்னும் பெயர்களையும் இன்றுவரை வழங்குகிறார்கள். காற்றின் பெயரைக் கேட்ட அளவில் எந்த மாதம், கடல் எப்படி இருக்கும், வலை வீசலாமா என்பதெல்லாம் அவர்களுக்கு விளங்கிவிடும்.

இனிப் பெரும்பொழுதுகள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தொல்காப்பியம் இவற்றைத் திணைகளுக்கு உரிய பொழுதுகளாக வகுத்தது. சங்கப் புலவர்களுக்கோ இவை இலக்கண வாய்பாடாக இல்லை. கண்ணெதிரே நிகழ்பவையாக இருந்தன. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் தொடக்கத்தைப் படித்தவர்கள் அந்தக் குளிரை மறக்கமாட்டார்கள். பெருமழையால் மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்த ஆயர்கள் கை நடுங்கத் தீக்காய்கிறார்கள். ஆநிரை மேய்ச்சலை மறக்கிறது. குரங்கு கூனிக் குறுகுகிறது. பறவை கிளையிலிருந்து விழுகிறது. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. வெப்பமானி இல்லாமல் ஒரு நாளின் குளிரை அளப்பது எப்படி என்று கேட்டால் இதைவிடச் சிறந்த விடை கிடைப்பது அரிது. நூலின் பெயரே ஒரு பருவக் காற்றின் பெயர் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

நீர்ச்சுழற்சியும் அப்படியே. முல்லைப்பாட்டில் மேகம் கடல்நீரைப் பருகி மலைமேல் ஏறுகிறது. பட்டினப்பாலை, மேகம் கடலில் முகந்த நீரை மலையில் பொழிவதையும் அது மீண்டும் கடலில் சேர்வதையும் காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்கள் ஏறி இறங்குவதற்கு உவமையாக்குகிறது. மேகம் முகந்ததைத் திருப்பித் தராவிடில் கடலும் வளம் குன்றும் என்று வள்ளுவர் ‘வான்சிறப்பு’ அதிகாரத்தில் சொல்கிறார். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாளின் மேகம் கடலுக்குள் புகுந்து, முகந்து, மேலேறி, கறுத்து, மின்னி, முழங்கி, பின்னர் பொழிகிறது. வரிசையில் ஒரு படியும் தவறவில்லை. மார்கழி விடியலில் அதைப் பாடிய சிறுமியர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் எவருக்கும் அது ஓர் அறிவியல் பாடமும்கூட என்று நாம் சொன்னதில்லை.

*

இந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்த்த இடம் திண்ணைப் பள்ளி. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி முதலிய நீதிநூல்கள், பின்னர் நிகண்டு என்று அங்கே படிப்பு வளர்ந்தது. பிங்கல நிகண்டின் முதற்பகுதியே வான்வகைதான். முகில், எழிலி, மஞ்சு, மாரி, கார் என்று மேகத்துக்கும் மழைக்கும் உரிய பெயர்கள் பிள்ளையின் நாவில் ஏறின. ஆயினும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளி மனப்பாடத்தின் பள்ளி. சொல்லைக் கொடுத்தது, அச்சொல்லை எடுத்துக்கொண்டு போய் வானத்தோடு ஒப்பிட்டுப் பார் என்று சொல்லவில்லை. அந்த வேலையைப் பிள்ளை திண்ணைக்கு வெளியே, வயலிலும் கரையிலும், பெரியவர்களின் பின்னால் நடந்து கற்றுக்கொண்டது. வயலுக்குப் போகாத குலத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டாம் பாடம் கிடைக்கவில்லை. வயலிலேயே கிடந்த குலத்துப் பிள்ளைக்குத் திண்ணையே கிடைக்கவில்லை. சொல் ஓரிடத்திலும் வானம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்த முதல் பிரிவு இது.

18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சென்னையில் இரண்டு காரியங்கள் அருகருகே நடந்தன. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடத்துக்குக் கட்டடம் எழுந்தது. அதன் கருவிகளைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த கல்வெட்டோடு, மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதே ஆண்டுகளில் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இருந்தார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு அவர் தம் விடுதியில் அவற்றைச் செய்து பார்த்தார். ஊர் திரும்பி 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு பரவியது. நம் திண்ணையின் முறை கடல் கடந்து போயிற்று.

இவ்விரண்டும் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டன. வானாய்வுக்கூடத்தின் மைக்கேல் டாப்பிங் 1794இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெல்லின் விடுதிப் பிள்ளைகளே அதன் முதல் மாணவர்கள். பிற்காலத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் அது. கருவியைக் கையில் எடுத்துப் பார், பார்த்ததை எழுது என்ற கல்வி சென்னையில் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் தருணங்களில் இதுவும் ஒன்று என்று கொள்ளலாம். ஆனால் அது கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது. எட்டுப் பேரோடு நின்றது.

டாப்பிங்குக்குப் பின் வந்த ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் அன்றாட வானிலையைப் பதிவுசெய்தார். சென்னையின் மழையளவு 1813 முதல் கணக்கில் இருக்கிறது. உலகில் மிகச் சில நகரங்களுக்கே இவ்வளவு நீண்ட மழைக்கணக்கு உண்டு. ஒரு வளாகத்துக்குள் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. சில தெரு தள்ளியிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு நேற்று எவ்வளவு மழை பெய்தது என்று அது சொன்னதில்லை. அளவு ஓரிடத்திலும் பாடம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்த இரண்டாம் பிரிவு இது.

*

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சிட்ட பாடநூல் வந்தது. 1854இன் உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு பள்ளிகள் பெருகின. 1858இல் தோன்றிய கிறித்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகள் தமிழில் பாடநூல்களை அச்சிட்டுக் குவித்தன. திண்ணையில் இல்லாத பூகோளமும் இயற்கை நூலும் அவற்றோடு வந்தன. இதைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. இடி என்பது மின்னலின் ஓசை, மழை என்பது குளிர்ந்த நீராவி என்று சாதி பாராமல் ஒரு வகுப்பில் உட்கார்த்திவைத்துச் சொன்னது அந்தப் பாடநூல்தான். அச்சத்தை நீக்கிய கல்வி அது.

ஆனால் அது வேறொரு வானத்தின் கீழே எழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த சிக்கல்களைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. வானிலையைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல் ‘சீதோஷ்ணநிலை’. சீதம், உஷ்ணம்: குளிரும் வெப்பமும். தனித்தமிழ் உணர்ச்சி வந்தபோது அது அப்படியே ‘தட்பவெப்பநிலை’ ஆயிற்று. இரண்டு சொற்களிலும் மழையும் இல்லை, காற்றும் இல்லை. நாள் முழுவதும் குளிரா வெப்பமா என்பதே கேள்வியாக இருக்கும் நாட்டுக்கு அது பொருந்தலாம். மழை எப்போது, காற்று எந்தப் பக்கம் என்பதே வாழ்க்கையாக இருக்கும் நாட்டின் பிள்ளைக்கு அந்தச் சொல் தன் வானத்தில் பாதியைத்தான் காட்டியது.

‘பனி’ மற்றொன்று. நம் பனி புல்நுனியில் நிற்பது. தையில் தலையில் இறங்குவது. விடியலில் எதிர்வீட்டை மறைப்பது. பாடநூல் ஐரோப்பாவின் வெண்ணிறப் பொழிவுக்கும் அதே சொல்லைத் தந்தது. ‘குளிர்காலத்தில் பனி பெய்யும்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை தன் வீட்டு வாசலின் பனியையும் படத்தில் இருந்த பனிமனிதனையும் எப்படி இணைத்துக்கொண்டதோ தெரியவில்லை. கடைகளில் இன்றும் விற்கும் ‘பருவங்கள் நான்கு’ வண்ணத்தாளை எடுத்துப் பாருங்கள். வசந்தத்தில் பூ, இலையுதிர்காலத்தில் செம்பழுப்பு மரம், குளிர்காலத்தில் வெள்ளைக் கூரை. மழைக்குக் குடை பிடித்த ஒரு பிள்ளைகூட சில தாள்களில் இல்லை.

இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. அதன் தலைமைக்கு முதலில் வந்த ஹென்றி பிளான்ஃபோர்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் தொடக்கத்தில் நிலவியலாளர். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை நடந்து ஆராய்ந்தவர். இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் புவியியல் பாடநூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. அளவும் பாடமும் ஒருவர் கையில் சேர்ந்த அரிய தருணம் அது. ஆனால் துறை தோன்றிய மறு ஆண்டே, 1876இல், மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் அரசின் முதற்கவலை தென்மேற்குப் பருவமழையை முன்கூட்டி அறிவதாயிற்று. 1886 ஜூன் 4இல் முதல் நீண்டகால முன்னறிவிப்பு வெளிவந்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன்தான் உயிர்நாடி. அரசின் கண் ஜூனில் நிலைத்ததைக் குறை சொல்ல முடியாது. எனினும் அந்தப் பார்வை பாடநூலுக்குள்ளும் புகுந்து நிலைத்தது.

*

விடுதலைக்குப் பின் பாடநூலில் பனிமனிதன் சற்றே பின்வாங்கினான். பருவக்காற்று முன்னே வந்தது. பருவமழை என்றால் ஜூனில் கேரளத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்வது. வடகிழக்குப் பருவக்காற்று என்பது அது திரும்பிப் போகும்போது நிகழ்வது. ‘தமிழ்நாட்டின் சில பகுதிகளும் அதனால் மழை பெறுகின்றன’ என்பது போன்ற ஒரு பின்குறிப்பு. இந்தப் பாடத்தைச் சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு பிள்ளை படிப்பதை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்கிறது. சென்னைக்கு ஐந்தில் மூன்று பங்கு. பிள்ளையின் ஊரையே மூழ்கடிக்கும் மழை பாடத்தில் பின்குறிப்பு. பிள்ளை வியர்த்தபடி பள்ளிக்குத் திரும்பும் ஜூன் மாதமோ பாடத்தில் மழைக்காலம்.

இதற்கு மாற்றாகத் ‘தமிழ்நாட்டு வானம்’ என்று ஒன்றை வரைந்து மாட்டிவிட்டாலும் போதாது. குற்றாலத்தில் சாரல் ஜூனில்தான். வால்பாறையும் தேவாலாவும் தென்மேற்குக் காற்றில்தான் நனைகின்றன. உதகையில் மார்கழியில் புல்மேல் உறைபனி படர்கிறது. ஒரே மாநிலத்துக்குள் ஒரே நாளில் மூன்று வானங்கள் இருக்கலாம். பாடநூல் எவ்வளவு திருத்தமாக எழுதப்பட்டாலும் அது ஒரே நூல். வானமோ பள்ளிதோறும் வேறு. வானிலைப் பாடத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இதெல்லாம் மதிப்பெண் விவகாரம், பிள்ளைகள் வளர்ந்து தெரிந்துகொள்வார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. ஊர் மீண்டும் ஊராகவில்லை. அன்று நமக்கெனச் சொந்த வானிலைச் செயற்கைக்கோள் இல்லை. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் எல்லா வசதியும் இருந்தது. அப்படியிருந்தும் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களை ஒக்கிப் புயலின் எச்சரிக்கை எட்டவில்லை. எச்சரிக்கை என்பது கருவியில் தொடங்கிக் காதில் முடிவதில்லை, அறிவில் முடிகிறது. அந்த அறிவு எங்கே விதைக்கப்படுகிறது என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற வானொலிச் செய்தியைக் கேட்டு வளராத கடலோரப் பிள்ளை இருக்க முடியாது. நமக்கும் அது ஆண்டுதோறும் கேட்ட வாக்கியமே. கூண்டு என்றால் என்ன, எண் எதைக் குறிக்கிறது என்று நமக்கு எந்த வகுப்பிலும் எவரும் சொல்லவில்லை. துறைமுகக் கம்பத்தில் பகலில் உருளையும் கூம்புமான வடிவங்களையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றிக் காட்டும் குறியீட்டு முறை அது. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள ஆபத்தைக் கப்பல்களுக்குச் சொல்பவை. மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்தையே நோக்கியவை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். ஒவ்வொரு மூன்றிலும் எண் மாறுவது, புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக அதன் மேலேயே கடக்குமா என்பதைப் பொறுத்தது. பதினொன்று என்றால் செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எண் பெரிதாகப் பெரிதாகக் காற்று வலுக்கும் என்று எண்ணியிருந்தோம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு வலிமையில் இல்லை, திசையில் இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே பிற்பகலில் விளங்கவைக்கக்கூடிய செய்தி இது.

செண்டிமீட்டரும் அப்படித்தான். 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை என்றார்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் அதைக் கண்முன் நிறுத்திப் பார்த்தோம்? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 49 செ.மீ. என்றால் 490 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ 33 குடம், ஒரு சதுர மீட்டருக்கு மட்டும். இருபதடி நீளமும் இருபதடி அகலமும் கொண்ட ஒரு வகுப்பறைக் கூரையின் மேல் விழுந்தது 18,000 லிட்டருக்கு மேல். ஒன்பதாயிரம் லிட்டர் லாரியானால் இரண்டு லாரித் தண்ணீர். குடத்தில் கணக்குச் சொன்னால் சென்னைப் பிள்ளைக்கு விளங்காமல் போகாது. குழாயடியில் குடம் எண்ணி வளர்ந்த பிள்ளை அது.

*

இந்தப் பின்னணியில்தான் சுவரிலிருந்த அந்த அட்டவணையை நாம் பார்க்கிறோம். ஆந்திரத்து ரிஷிவேலியின் கல்வி மையம் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக வளர்த்தெடுத்த முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பாடநூலை அட்டைகளாகப் பிரித்தது, ஏணிப்படியாக வரிசைப்படுத்தியது, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவ வழி செய்தது. இருநூறாண்டுக்கு முன் எழும்பூரிலிருந்து கடல் கடந்துபோன முறையின் ஒரு கூறு சென்னைக்கே திரும்பிவந்ததுபோல் நமக்குத் தோன்றியது. முறையின் நிறை குறைகள் அப்போதே நிறைய விவாதிக்கப்பட்டன. ஆசிரியர் சுமை கூடியது உண்மை. பல பள்ளிகளில் அட்டைகள் சடங்காகிப் போனதும் உண்மை. பின்னர் வேறு முறைகள் வந்தன. அவ்விவாதத்துக்குள் நாம் இப்போது போகவில்லை.

அட்டவணையிலும் குறை உண்டு. அது பதிவது அன்றைய வானிலையை. பெயரோ காலநிலை அட்டவணை. ஒரு நாளின் நிலை வானிலை. பல்லாண்டு வானிலைகளின் சராசரிப் போக்கே காலநிலை. புவி வெப்பமாவதைப் பற்றிப் பேசும் இக்காலத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று. நேற்றுக் குளிர்ந்தது, ஆகவே வெப்பமாதல் பொய் என்று வாதிடும் பெரியவர்கள் இந்த ஒரு சொல்லைத் தொடக்கப் பள்ளியில் தவறவிட்டவர்களே. பெயர்ப் பிழையையும் நல்லாசிரியர் பாடமாக்கலாம். ஒரு நாள் குறித்தால் வானிலை; ஓராண்டு அட்டவணைகளைச் சேர்த்துத் தைத்து, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்கள் அதற்கடுத்த ஆண்டுக்குக் கொடுத்தால், முப்பது ஆண்டில் அந்தப் பள்ளி தன் ஊரின் காலநிலையைத் தானே எழுதியிருக்கும். நுங்கம்பாக்கத்தில் கோல்டிங்ஹாம் செய்ததும் அவ்வளவே.

ஆனால் உண்மையைக் குறிக்க வேண்டும். மழை அளக்க மறந்த நாளில் தோராயமாக ஓர் எண்ணைப் போட்டுவிடக் கூடாது. இதை நினைக்கும்போது அன்னா மணி நினைவுக்கு வருகிறார். 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளுக்கு வீட்டார் தந்த வைரத்தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தார். ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். தவறான அளவைவிட அளவே இல்லாமலிருப்பது மேல் என்பது அவருடைய உறுதி. ஒரு காலி பாட்டிலும் புனலும் அளவுகோலும் கொண்டு மழைமானி செய்யும் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதுவே: பார்க்காத நாளைக் காலியாக விடு.

நம் பிள்ளைகளுக்கு வானிலையில் ஆர்வமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சென்னை வானிலை மையத்தின் இயக்குநராக எஸ்.ஆர். ரமணன் இருந்த ஆண்டுகளில் மழை நாளின் மாலையில் அவர் தொலைக்காட்சியில் தோன்றினால் வீடெங்கும் பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்டார்கள். காற்றழுத்தத் தாழ்வு நிலை, தாழ்வு மண்டலம், வலுவிழந்தது, நகர்ந்தது என்ற கலைச்சொற்கள் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் புழங்கின. விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர்தான் என்பது வேறு. பிள்ளைகளின் நன்றி ரமணனுக்கே போயிற்று. விளையாட்டாகச் சொல்லவில்லை: தமிழ்ப் பிள்ளைகள் வானிலை அறிக்கையைத் தம் வாழ்க்கையோடு இணைத்துக் கேட்ட முதல் தலைமுறை அதுவாக இருக்கலாம். மறுநாள் விடுமுறையில் அவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து, சொன்ன மழை பெய்கிறதா என்று சரிபார்த்தார்கள். பள்ளி மூடியிருந்த நாளில் வானிலைப் பாடம் நடந்தது.

*

இறுதியாக, பழம்பெருமையின் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க ஒன்று சொல்ல வேண்டும். நான்கு பருவ வண்ணத்தாளைக் கிழித்துவிட்டு ஆறு பெரும்பொழுதுகளை மாட்டினால் பாடம் முடிந்துவிடாது. மாசியும் பங்குனியும் பின்பனி என்று பங்குனி வெயிலில் வியர்த்துக்கொண்டே ஒப்பிக்கும் பிள்ளைக்கு, பனிமனிதனைப் பார்த்த பிள்ளையின் குழப்பமே மிஞ்சும். ‘இப்போது எங்கே பனி?’ என்று அது கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. முன்பனி என்பது இரவின் முற்பகுதியில் இறங்கும் பனி. பின்பனி என்பது இரவின் பிற்பகுதியில், விடியலை ஒட்டி இறங்குவது. பருவத்துக்குப் பெயர் வைத்தவர்கள் பகலின் வெப்பத்தைக் கொண்டு வைக்கவில்லை. இரவில் பனி இறங்கும் நேரத்தைக் கொண்டு வைத்தார்கள். அப்படியானால் பங்குனியில் பின்பனி உண்டா என்பது நூலைப் புரட்டி முடிவுசெய்யும் கேள்வி ஆகாது. விடியுமுன் எழுந்து, வாசலுக்குப் போய், புல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பழைய பெயர் இன்னும் பொருந்துகிறது. காய்ந்திருந்தால், ஒருவேளை ஊர் மாறிவிட்டது. ஒருவேளை காலநிலையே மாறிக்கொண்டிருக்கிறது. எதுவாயினும் பிள்ளை அதை அட்டவணையில் குறிக்கலாம்.

மலைகளுக்கு அப்பாலிருந்து எழுதிவந்த பாடமும், ஈராயிரம் ஆண்டுக்கு அப்பாலிருந்து வந்த சொல்லும், அளவெடுத்த எண்ணும் அந்த ஈரப் புல்லின் முன்னே வந்து நிற்க வேண்டியவைதாம். அவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தும் ஆசிரியருக்குப் பெரிய வசதிகள் தேவையில்லை. காலையில் அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை எந்தக் கல்வி முறை வந்தாலும் விட்டுவிடாதிருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.